அடுப்படியில் நான்கு கேள்விகள்

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வாகிஆ சூரா ஓதும் வழக்கம் நம் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதைத் தொடர்ந்து ஓதி வருபவரை வறுமை அணுகாது என்று சொல்லப்படும் ஒரு ரிவாயத்தே இதற்குக் காரணம். அந்த ரிவாயத்தின் ஸனது பலவீனமானது என்று ஹதீதுக் கலை வல்லுநர்கள் கூறியிருக்கிறார்கள். எனினும் குர்ஆன் ஓதுவது எந்நேரமும் நன்மையே. ஆதலால் அந்தப் பழக்கம் நல்ல பழக்கமே. ஆனால் பரக்கத்தை நாடி நாம் ஓதுகிற அந்தச் சூரா நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

ஆம், அந்தச் சூரா நம்மைக் கேள்வி கேட்கிறது. ஒன்றல்ல, நான்கு கேள்விகள். அந்த நான்கும் எங்கோ தொலைவில் உள்ள பொருள்களைப் பற்றியவை அல்ல. நம் வீட்டுத் தொட்டில், நம் அரிசிப் பானை, நம் தண்ணீர்க் குடம், நம் அடுப்பு ஆகிய இவற்றைப் பற்றியவை. நாள் முழுவதும் நம் கண்முன் இருப்பவற்றைக் காட்டித்தான் அல்லாஹ் கேட்கிறான்.

மாதர்களுக்கான பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து எந்த ஊரிலும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பொழுது விடிந்தால் அடுப்படி, பொழுது அடைந்தால் அடுப்படி. பிள்ளைகளைப் பார்க்கவும் சோறு ஆக்கவுமே நேரம் போய்விடுகிறது. ஐந்து வேளைத் தொழுகையைத்தான் எப்படியோ நிறைவேற்றுகிறோம். நாங்கள் எப்போது ஓதுவது, எப்போது அமல் செய்வது?" என்பதே அது. கேட்பவரின் குரலில் ஓர் ஏக்கம் இருக்கும். தம் வாழ்நாளெல்லாம் தீனுக்கு வெளியிலேயே கழிந்துவிட்டதோ என்ற அச்சமும் இருக்கும். அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதை வாகிஆ சூராவைக் கொண்டே எடுத்துச் சொல்வதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

சூராவின் போக்கு

வாகிஆ சூரா திருமறையின் 56-வது அத்தியாயம். மக்காவில் அருளப்பெற்றது. 96 ஆயத்துகளைக் கொண்டது. தொடக்கத்தில் கியாமத்து நாளின் அமளியும், அன்று மனிதர்கள் மூன்று கூட்டத்தினராகப் பிரிவதும், அவரவர்க்குரிய கூலியும் சொல்லப்படுகின்றன. அந்நாளை மறுத்தவர்கள், தாங்கள் மாண்டு மண்ணாகவும் எலும்பாகவும் ஆன பின்னர் மீண்டும் எழுப்பப்படுவது எங்ஙனம் என்று ஏளனம் செய்ததை 47-வது ஆயத்து எடுத்துக் காட்டுகிறது.

இந்த ஏளனத்துக்கு அல்லாஹ் அளிக்கும் விடையைக் கவனியுங்கள். வானத்தைப் பிளந்து காட்டவில்லை. மலையை நகர்த்திக் காட்டவில்லை. 58-வது ஆயத்து முதல் 73-வது ஆயத்து வரை, "அஃபரஅய்தும்" என்ற சொல்லை நான்கு முறை கூறுகிறான். பார்த்தீர்களா, சிந்தித்தீர்களா என்பது அதன் கருத்து. முதலில் மனிதன் உருவாகும் கருவைப் பற்றியும், அடுத்து அவன் உண்ணும் தானியத்தைப் பற்றியும், அதன்பின் அவன் குடிக்கும் நீரைப் பற்றியும், முடிவாக அவன் மூட்டும் நெருப்பைப் பற்றியும் கேட்கிறான். வரிசையைப் பாருங்கள்: ஆள் வந்தான், அவனுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்குத் தண்ணீர் வேண்டும், ஆக்குவதற்கு நெருப்பு வேண்டும். இது ஒரு குடும்பத்தின் அன்றாடக் கதையே அன்றோ? மறுமைக்கு அத்தாட்சி தேடி எங்கும் போகவேண்டாம், உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்வதுபோல் அமைந்திருக்கிறது இந்த வரிசை.

முதற் கேள்வி: தொட்டில்

கருவை உருவாக்குபவர்கள் நீங்களா, அல்லது நாமா என்பது முதற் கேள்வி. பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூக்கு வாப்பாவைப் போல, நெற்றி பெரியம்மாவைப் போல என்று பேசிக்கொள்கிறோம். அந்த மகிழ்ச்சி ஹலாலானது, அல்லாஹ் அருளியது. ஆனால் அந்த மூக்கையும் நெற்றியையும் வரைந்தவர்கள் நாம் அல்லர். பெற்ற தாய்க்கும்கூட வயிற்றுக்குள் விரல் எப்போது முளைத்தது, நகம் எப்போது வந்தது என்பது தெரியாது. அவள் சோறு ஆக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேளையில் அந்த இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கிறது. முதல்முறை படைத்தவனுக்கு மறுமுறை எழுப்புவது எப்படிக் கடினமாகும்?

இந்தக் கேள்வி நம் வீடுகளில் நடைபெறும் ஓர் அநியாயத்தையும் தொட்டுக் காட்டுகிறது. அடுத்தடுத்துப் பெண் பிள்ளை பிறந்தால் மருமகளின் மீது பழி. பிள்ளை இல்லையென்றால் அவள்மீதே குற்றம். விருந்துக்கு வந்தவர்கள்கூட அவளைப் பார்த்து, "இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் அன்றிரவு தலையணையை நனைப்பது யாருக்குத் தெரியும்? உருவாக்குபவர்கள் நீங்களா என்று அல்லாஹ் கேட்கிறான். அல்ல என்று நாம் விடை சொல்கிறோம். அவ்வாறாயின் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன உரிமை?

42-வது அத்தியாயமான ஷூரா சூராவின் 49, 50-வது ஆயத்துகளில், அல்லாஹ் தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், தான் நாடியவர்களுக்கு ஆண் மக்களையும் வழங்குகிறான் என்றும், சிலருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறான் என்றும், சிலரைப் பிள்ளைப்பேறு இல்லாதவர்களாக ஆக்குகிறான் என்றும் கூறுகிறான். அங்கே பெண் மக்களே முதலில் சொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தே அமைகிறது என்பது இன்று பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்திலேயே உள்ள விஷயம். பிள்ளை இல்லாமைக்கும் கணவன், மனைவி இருவரில் எவரிடமும் காரணம் இருக்கலாம் என்பது மருத்துவர்கள் அறிந்தது. ஆகவே மார்க்கத்தின்படியும் அவள் குற்றவாளி அல்லள்; மருத்துவத்தின்படியும் அல்லள். வாகிஆ ஓதும் நாவு அவளை ஏசுவதற்கும் பயன்படலாமா? ஒவ்வொரு மாமியாரும் நாத்தனாரும், ஏன், ஒவ்வொரு கணவரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இரண்டாம் கேள்வி: அரிசிப் பானை

இரண்டாம் கேள்வியில் இரண்டு அரபிச் சொற்கள் வருகின்றன. "ஹர்ஸ்" என்பது நிலத்தைப் பண்படுத்தி விதை இடுவது. "ஸர்உ" என்பது அதை முளைக்கச் செய்து வளர்ப்பது. முதலாவதை மனிதனின் செயலாகச் சொல்லிவிட்டு, இரண்டாவதைச் செய்பவர்கள் நீங்களா, அல்லது நாமா என்று அல்லாஹ் கேட்கிறான். உழுவது நம் கை. முளைப்பது அவன் கட்டளை.

தஞ்சைத் தரணியில் குறுவை நெல் விளைய ஏறத்தாழ நான்கு மாதம். நீண்டகாலச் சம்பா நெல்லுக்கு ஐந்து மாதத்துக்கு மேல். இத்தனை நாளும் ஒரு விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுவடைக்கு முன்தினம் பெய்த மழையில் கதிரெல்லாம் சாய்ந்துபோன கதையைக் கேட்காத ஊர் உண்டா? நாடினால் அந்தப் பயிரை நொறுங்கிய சருகாக ஆக்கிவிடுவோம் என்கிறது ஆயத்து. அப்போது மனிதர்கள், தாங்கள் கடன்பட்டுப் போனதாகவும் எல்லாம் இழந்துவிட்டதாகவும் புலம்புவார்கள் என்றும் கூறுகிறது. கடன்பட்ட விவசாயியின் புலம்பலைத் திருமறை எவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது!

இத்தனை ஆபத்துகளையும் தப்பி வந்த நெல்தான் நம் முறத்தில் அரிசியாகக் கிடக்கிறது. அதில் கல் பொறுக்கும் நேரம் வீண் நேரமா? பொறுக்கிக்கொண்டே, "யா அல்லாஹ், இது உன் அருள்" என்று உள்ளத்தால் சொல்பவர் இபாதத்தில்தான் இருக்கிறார். கீழே விழுந்த கவளத்தை எடுத்து, ஒட்டிய தூசியை நீக்கி உண்ணும்படியும், உணவில் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது ஆதலால் தட்டை வழித்து உண்ணும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் அதட்டுவதைவிட, "இந்தச் சோற்றிலே எந்தப் பருக்கையில் பரக்கத் இருக்கிறதோ, தேடிப்பார் வாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு. அதுவே அவன் படிக்கும் முதல் ஹதீதுப் பாடமும் ஆகும்.

ஆணம் கொதிக்கும்போது இன்னொரு நினைவும் வரவேண்டும். குழம்பு சமைத்தால் அதில் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். இறைச்சியைக் கூட்டுங்கள் என்று சொல்லவில்லை; தண்ணீரைக் கூட்டுங்கள் என்றே சொன்னார்கள். ஏழை வீட்டிலும் ஈகைக்கு வழி திறந்து வைத்த வார்த்தை அது. ஒரு கிண்ணம் ஆணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். போன கிண்ணம் மறுநாள் வெறுமையாகத் திரும்புவதில்லை. எதையாவது ஏந்திக்கொண்டுதான் வருகிறது. அதைக் கண்டு சிரிக்கிறோமே, அந்தச் சின்னச் சந்தோஷத்துக்கு என்ன விலை கொடுக்க முடியும்? அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இந்த உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாம் கேள்வி: தண்ணீர்க் குடம்

நீங்கள் குடிக்கும் நீரை மேகத்திலிருந்து இறக்கியவர்கள் நீங்களா, அல்லது நாமா என்பது மூன்றாம் கேள்வி. நாடினால் அதைக் கைக்கும் உப்பு நீராக ஆக்கிவிடுவோம், நீங்கள் நன்றி செலுத்த வேண்டாமா என்று தொடர்கிறது ஆயத்து.

கடலோர ஊர்களில் வாழும் நம் மக்களுக்கு இந்த ஆயத்துக்குத் தஃப்ஸீரே தேவையில்லை. இராமநாதபுரம் கடற்கரையிலே கிணறு தோண்டினால் பல இடங்களில் ஊறுவது உவர் நீர்தான். நல்ல தண்ணீர்க் குடத்துக்காகக் காத்து நிற்பதன் அருமை அங்குள்ள பெண்களுக்குத் தெரியும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கடலிலிருந்து வெயில் ஆவியாக எடுத்துச் செல்லும்போது உப்பு கீழேயே தங்கிவிடுகிறது; நீர் மட்டும் மேலே போகிறது. சத்தமில்லை, கட்டணமில்லை, இயந்திரமில்லை. இதே வேலையை மனிதன் செய்யப் புகுந்தபோது என்னவாயிற்று? சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-ஆம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டிலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றுக்குப் பெருஞ்செலவும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. அவை இருந்தும், 2019-ஆம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டபோது சென்னை மக்கள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்து நின்றார்கள். மனிதனின் முயற்சி குறைவானது என்று சொல்ல வரவில்லை. அதற்கும் அறிவைக் கொடுத்தவன் அல்லாஹ்வே. இலவசமாக வரும் மழையின் விலை என்ன என்பதை அந்த ஆலைகள் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன.

ஆகவே மழை வந்தால், காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவதோடு நின்றுவிட வேண்டாம். ஒருமுறை மழை பெய்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேனியில் மழை படும்படி ஆடையைச் சற்று விலக்கினார்கள் என்றும், இது தன் இரட்சகனிடமிருந்து புதிதாக வந்தது என்று காரணம் கூறினார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை முஸ்லிம் நூலில் காணலாம். முற்றத்தில் இறங்கி மழையில் கையை நீட்டும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். சற்று நேரம் நீங்களும் கையை நீட்டுங்கள். அது சுன்னத்தின் சாயலைப் பெற்ற சந்தோஷம்.

நன்றி என்பது வாய்ச்சொல் மட்டுமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவிலிருந்து வந்த ஒரு முகத்தல் அளவை. மத்ஹபுகளின் கணக்கில் சிறிது வேறுபாடு இருந்தாலும் ஏறத்தாழ ஒரு லிட்டரைத் தாண்டாது. குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்கிற நாம் எத்தனை லிட்டரை ஓடவிடுகிறோம்? ஒருநாள் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து உளூச் செய்து பாருங்கள். வாளியே பதில் சொல்லும். அந்த நீரைக் கொல்லையிலுள்ள முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றினால் அதுவும் வீணாகாது. இரவில் பாத்திரங்களை மூடி வைப்பதும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்தால் நபிவழியே என்பதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது உணர்த்துகிறது. குடத்தைத் தட்டால் மூடும் அந்த ஒரு நொடியும் அமல்தான்.

நான்காம் கேள்வி: அடுப்பு

நீங்கள் மூட்டும் நெருப்புக்குரிய மரத்தை உண்டாக்கியவர்கள் நீங்களா, அல்லது நாமா என்பது நான்காம் கேள்வி. அரபு நாட்டில் மர்க், அஃபார் என்ற இரண்டு மரங்களின் கிளைகளை ஒன்றோடொன்று உரசி நெருப்பு உண்டாக்குவது அக்காலத்து வழக்கமாக இருந்தது. பச்சை மரத்துக்குள்ளே நெருப்பை ஒளித்து வைத்தவன் யார் என்பதே கேள்வியின் உட்பொருள். நம் வீடுகளில் இன்று விறகுக்குப் பதிலாக எரிவாயு வந்துவிட்டது. ஆயினும் கேள்வி மாறவில்லை. விறகு என்பது மரம் வெயிலைக் கொண்டு வளர்த்த உடல். பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் எண்ணெயும் வாயுவும், எண்ணற்ற ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து புதைந்துபோன நுண்ணுயிர்களிலிருந்து பெரும்பாலும் உண்டானவை. நீலச்சுடராக எரிவது நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நமக்காகச் சேமிக்கப்பட்ட பொருள்.

இந்த நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும், தேவையுடையோருக்கும் பயணிகளுக்கும் பயன்படும் பொருளாகவும் ஆக்கினோம் என்கிறான் அல்லாஹ். பயன் நமக்குத் தெரிகிறது. நினைவூட்டல் எது? இவ்வுலக நெருப்பு நரக நெருப்பின் எழுபது பங்குகளில் ஒரு பங்கே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தோசைக்கல்லில் விரல் பட்டுச் சுள்ளென்று கையை இழுக்கும்போது வாயில் வருவது என்ன? சிலருக்கு அலறல், சிலருக்கு ஏச்சு. அந்த வேளையில் நரகத்தை விட்டும் காக்கும்படி ஒரு துஆ வருமானால், சுட்ட விரல்கூட நமக்கு உபதேசியாகிவிடுகிறது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள், இந்த நெருப்பு உங்களுக்குப் பகை, ஆதலால் உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. படுக்கப் போகுமுன் அடுப்பைப் பார்த்து, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கொசுவர்த்திச் சுருளைத் துணிக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு வரும் உம்மா, இந்த நபிமொழியைத்தான் நிறைவேற்றுகிறார்கள். இதுவரை அதை வெறும் வேலையாக நினைத்திருந்தால், இன்றிரவு முதல் நிய்யத்தோடு செய்யட்டும். வேலை அதேதான். ஆனால் ஏட்டில் எழுதப்படுவது வேறாகிவிடும்.

நான்கு கேள்விக்கும் ஒரே விடை

நான்கு கேள்விகளையும் கேட்டு முடித்த உடனே, 74-வது ஆயத்தில் ஒரு கட்டளை வருகிறது. மகத்தான உம் இரட்சகனின் பெயரைத் துதிப்பீராக என்பதே அதன் கருத்து. சூராவின் கடைசி ஆயத்தும் இதுவே. இந்த ஆயத்து அருளப்பட்டபோது, இதை உங்கள் ருகூவில் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை அபூதாவூதில் காண்கிறோம். ஒவ்வொரு ருகூவிலும் "சுப்ஹான ரப்பியல் அழீம்" என்று மும்முறை ஓதுகிறோமே, அந்தத் தஸ்பீஹ் இங்கிருந்து வந்ததுதான்!

இதன் பொருளை நன்கு உள்ளத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டில், சோறு, தண்ணீர், நெருப்பு என்ற நான்கைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு அல்லாஹ் நம்மிடம் எதிர்பார்க்கும் விடை, முஸல்லாவில் நாம் குனிந்து சொல்லும் அந்தச் சொல்லே. அவ்வாறாயின் அடுப்படியும் முஸல்லாவும் ஒன்றுக்கொன்று பகையான இரண்டு இடங்கள் அல்ல. அடுப்படி கேள்வி கேட்கும் இடம். முஸல்லா விடை சொல்லும் இடம். கேள்வியைக் காதில் வாங்காமல் வருபவரின் ருகூவில் நாவு மட்டுமே அசைகிறது. அரிசி களையும்போதே கேள்வியைக் கேட்டுவிட்டு வருபவரின் ருகூவில் உள்ளமும் குனிகிறது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலையும் இபாதத்துதானே என்று சொல்லித் தொழுகையை விடுவதற்கு இது சாக்கு ஆகாது. பர்ளு பர்ளுதான். விடையே சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பரீட்சையில் தேறியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாதவிடாய் நாள்களில் தொழுகை இல்லாதபோதும், அந்நாள்களில் குர்ஆன் ஓதுவது கூடாது என்று இரு மத்ஹபினரும் கூறும்போதும், தஸ்பீஹுக்கும் துஆவுக்கும் தடையில்லை என்பதைச் சகோதரிகள் அறிந்துகொள்ளுங்கள். அந்நாள்களிலும் அடுப்படியின் கேள்விக்கு நாவால் விடை சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

திருகை பிடித்த திருக்கரங்கள்

சுவர்க்கத்துப் பெண்களின் தலைவியாகிய ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களின் கைகள் திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போயிருந்தன. ஒரு பணியாளைக் கேட்கலாமென்று தம் தந்தையின் இல்லம் சென்றார்கள். தந்தை அங்கு இல்லை. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு, அலீ (ரலி) அவர்களும் ஃபாத்திமா நாயகியும் படுத்துவிட்ட பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். எழ முயன்றவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லி, இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களுடைய பாதங்களின் குளிர்ச்சியைத் தம் நெஞ்சில் உணர்ந்ததாக அலீ (ரலி) அவர்கள் பின்னாளில் சொல்வார்கள். பணியாளைவிடச் சிறந்ததைக் கற்றுத் தருகிறேன் என்று கூறி, படுக்கைக்குச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33 முறையும், அல்ஹம்துலில்லாஹ் 33 முறையும், அல்லாஹு அக்பர் 34 முறையும் ஓதும்படி கற்றுக் கொடுத்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அதன்பின் ஒருநாளும் அதை விடவில்லை. ஸிஃப்பீன் போரின் இரவிலும் விடவில்லை.

மகளின் காய்த்த கையை அந்தத் தந்தை அலட்சியம் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இரவு நேரத்தில் தேடி வந்து, பக்கத்தில் அமர்ந்து, அந்தக் களைப்பை மதித்தார்கள். திருகை சுற்றிய கைக்கு அவர்கள் கொடுத்த பரிசு தஸ்பீஹ். இன்று நம் வீடுகளில் திருகையின் இடத்தில் மிக்ஸி இருக்கலாம். களைப்பு மட்டும் மாறவில்லை. படுக்கையில் சாய்ந்ததும் விரல்களை மடக்கி அந்த நூறையும் எண்ணி முடிக்கும் பெண்மணி, ஃபாத்திமா நாயகி நடந்த வழியில் நடக்கிறாள்.

ஆண்களுக்கு ஒரு சொல்

இதுவரை படித்துவிட்டு, இது பெண்களுக்குரிய பாடம் என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். இது புகாரியில் உள்ளது. வீட்டு வேலையிலிருந்து நேரே தொழுகைக்குச் சென்ற அந்த வாழ்க்கையே, அடுப்படிக்கும் முஸல்லாவுக்கும் பகையில்லை என்பதற்குப் போதிய சான்று.

அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒருமுறை தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று வீட்டில் கேட்டபோது, காடியைத் தவிர வேறொன்றுமில்லை என்றார்கள். அதையே கொண்டுவரச் செய்து, காடி எவ்வளவு நல்ல தொடுகறி என்று புகழ்ந்தவாறே உண்டார்கள். ஒன்றுமில்லையே என்று கூசி நின்ற வீட்டாரின் முகம் அந்த ஒரு சொல்லால் எப்படி மலர்ந்திருக்கும்! நம் வீட்டில் நடப்பது என்ன? உப்பு ஒரு கல் கூடிவிட்டால் தட்டு நகர்கிறது. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்பவர், ஆணத்துக்காக வீட்டை நடுங்க வைக்கிறார். மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும், அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடினால் கூலி உண்டு என்று ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஊட்டாவிட்டாலும் போகட்டும்; "இன்று ஆணம் நன்றாக இருந்தது" என்று சொல்ல என்ன செலவு? உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்ற நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. அந்தச் சிறப்பை ஊரார் தரமுடியாது. வீட்டார்தான் சாட்சி சொல்லவேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். இந்த மாதம் வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்யக்கூடியவை நான்கு. பிள்ளை கண்விழித்ததும் ஸலாம் சொல்லி ஒரு முத்தம் கொடுத்து அவனைப் படைத்தவனைப் புகழுங்கள். அரிசி களையும்போது பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கி, கிடைக்கும் நாளில் ஒரு கிண்ணம் ஆணம் அண்டை வீட்டுக்கு அனுப்புங்கள். தண்ணீரை அளந்து செலவிட்டு, இரவில் மூடி வையுங்கள். அடுப்பை அணைக்கும்போது நரகத்தை விட்டும் பாதுகாப்புத் தேடுங்கள். மாலையில் வாகிஆ ஓதும்போது 58-வது ஆயத்துக்கு வந்ததும் சற்று நிதானித்து, அந்தப் பதினாறு ஆயத்துகளின் பொருளை ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். பிள்ளைகளிடம், "இன்று நம் வீட்டில் இந்த நான்கில் எதைப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடைகள் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

பெரிய அமல்கள் செய்ய வசதியில்லையே என்று ஏங்கும் உள்ளங்களை அல்லாஹ் அறிவான். அவர்களுக்கெனத்தான் அடுப்படியிலும் நன்மையின் வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். வல்ல நாயன் நம் வீடுகளை அவனை நினைவுகூரும் வீடுகளாகவும், நம் உணவைப் பரக்கத் உள்ளதாகவும், நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம் ருகூவை உள்ளம் குனியும் ருகூவாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.